இறங்கிய ஈறு ஏறுமா? ஏறினால் நிற்குமா?



இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்ட காரியம் உங்களில் சிலருக்கு மிகவும் அற்பமானதாகத் தோன்றலாம். "பல் ஈறைப் பற்றி எழுதுவதற்கு ஒரு போதகர் வேண்டுமா?" என்றுகூட நீங்கள் கேட்கலாம். ஆனால் லோஹேகாவிலுள்ள நம் தமிழ்க் குடும்பங்களின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாகச் சென்றுவருகிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: சர்க்கரை வியாதியைப் பற்றி என்னிடம் பேசுகிறவர்கள் உண்டு, முதுகுவலியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு, தன் ஈறு இறங்கிக்கொண்டே போகிறது என்று வாய் திறந்து சொல்லுகிறவர்களோ வெகு சிலர். வலி பெரிதாக இல்லாததினால் அதை ஒரு வியாதியாகவே நாம் எண்ணுவதில்லை. பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் எண்ணுகிறோம்.

எங்கள் பகுதியை அறிந்தவர்களுக்குத் தெரியும். விமானப்படைத் தளத்திலிருந்து போர் விமானம் எழும்பும்போது, வீட்டுக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறவன் பேச்சை நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருக்கவேண்டும். ஒரு நாள் மாலை அப்படி நான் நிறுத்தியிருந்த நேரத்தில், முன்னால் அமர்ந்திருந்த ஒரு சகோதரி சேலைத் தலைப்பினால் தன் வாயை மூடியிருப்பதைக் கண்டேன். முன்பு பாடல் வேளையில் எல்லாருக்கும் மேலாகக் கேட்கிற குரல் அவர்களுடையது. சில மாதங்களாகவே அந்தக் குரல் கேட்கவில்லை என்பது அப்பொழுதுதான் என் நினைவுக்கு வந்தது.

கூட்டம் முடிந்தபின் விசாரித்தேன். வயது நாற்பத்துநான்கு. மேல்வரிசையில் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த பற்களும் நீண்டு, வேர்ப்பகுதி மஞ்சளாக வெளியே தெரிகிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூச்சம். நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர், "பெரிய வெட்டும் இல்லை, தையலும் இல்லை, சிறிய துளையொன்று போட்டு, ஈறைக் கீழே இறக்கி வேரை மூடிவிடலாம்" என்று சொல்லி, ஆறு பற்களுக்கு ஒரு தொகையைக் கேட்டிருக்கிறார். மகனை பாலிடெக்னிக்கில் சேர்ப்பதற்காக அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"பாஸ்டர் ஐயா, செய்துகொண்டால் எத்தனை வருஷம் நிற்கும்? மறுபடியும் இறங்கிவிட்டால் என் பிள்ளையின் பணமும் போய்விடுமே!" என்றார்கள்.

நான் மருத்துவன் அல்லன். ஆகவே, "சகோதரி, சற்றுப் பொறுத்திருங்கள், அறிந்தவர்களிடத்தில் கேட்டுச் சொல்லுகிறேன்" என்று சொல்லி வந்தேன். ஈறு சிகிச்சையில் தேர்ச்சி பெற்ற மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் வாசிக்கச் சொன்னவைகளை வாசித்தும் நான் தெரிந்துகொண்டவைகளையே இங்கே உங்களுக்கு முன்பாக வைக்கிறேன்.

ஈறு இறங்குதல் என்பது என்ன?

பல்லின் வெளியே தெரிகிற தலைப்பகுதியைக் கடினமான வெண்பூச்சு ஒன்று மூடியிருக்கிறது. அதுவே எனாமல். எலும்புக்குள் புதைந்திருக்கிற வேருக்கு அந்த வெண்பூச்சு கிடையாது. வேரை எலும்பும் ஈறும்தான் மூடிக் காக்கவேண்டும். தலையும் வேரும் சேருகிற எல்லையைவிட்டு ஈறு விலகிப்போவதையே ஈறு இறங்குதல் என்கிறோம். மேற்பல்லில் அது மேல்நோக்கி ஏறினாலும் பெயர் அதுதான்.

வேர் வெளிப்பட்டால் வருகிற தீங்குகள் மூன்று. முதலாவது, குளிர்ச்சியும் புளிப்பும் பட்டால் கூச்சம். இரண்டாவது, வெண்பூச்சில்லாத வேர் எளிதில் தேயும், எளிதில் சொத்தையாகும். மூன்றாவது, சிரிக்கவும் பாடவும் கூச்சப்படுகிற மனநிலை. இந்த மூன்றாவதை அழகைப் பற்றிய காரியம் என்று தள்ளிவிடாதிருங்கள். ஒரு சகோதரியின் குரலையே அது அடக்கிவிட்டதை நான் கண்டேன்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலில் ஒரு கீறல் விழுந்தால் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். இறங்கிய ஈறோ, வேரை மூடும்படி தானாக மறுபடியும் வளர்ந்து வருவதில்லை. எந்தப் பற்பசையும், எந்த எண்ணெய்க் கொப்பளிப்பும் அதை ஏற்றிவிடாது. அப்படி விளம்பரம் செய்கிறவர்களை நம்பிப் பணத்தை இழக்காதிருங்கள்.

தேயிலைத் தோட்டத்துத் தமிழர் உலகத்துக்குக் கற்பித்தது

ஈறு ஏன் இறங்குகிறது என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் தமிழ் மக்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை நான் வாசித்தபோது வியப்படைந்தேன். நார்வே தேசத்தைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர், 1969-ஆம் ஆண்டு ஆஸ்லோ நகரத்தில் மாணவரும் கல்வியாளருமான 565 ஆண்களின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கினார். அவர்கள் சிறுவயது முதல் பிரஷ் பிடித்துப் பல் துலக்கி, ஒழுங்காக மருத்துவரிடம் சென்றுவந்தவர்கள். அடுத்த ஆண்டு, 1970-இல், இலங்கையின் மலைநாட்டில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலைசெய்த 480 ஆண் தொழிலாளர்களை அவரும் அவருடைய குழுவினரும் பரிசோதித்தார்கள். நம் நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிப் போனவர்களின் சந்ததியார் அவர்கள். பிரஷ் பழக்கம் இல்லை. பல் மருத்துவரை அவர்கள் கண்டதும் இல்லை. பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், அவர்களில் 75 பேரைக் கண்டுபிடித்து மறுபடியும் பரிசோதித்திருக்கிறார்கள்.

ஈறு இறங்குதலைப்பற்றி அவர்கள் கண்டதை 1992-இல் வெளியிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களில் இருபது வயதுக்கு முன்பே நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈறு இறங்கியிருந்தது. முப்பது வயதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு. நாற்பது வயதில் எல்லாருக்குமே. பல்லின் வெளிப்புறம், உட்புறம், இரண்டு பற்களுக்கு நடுவே என்று எல்லாப் பக்கங்களிலும் இறங்கியிருந்தது.

அப்படியானால் நன்றாகத் துலக்கிய ஆஸ்லோவாசிகள் தப்பித்தார்களா? இல்லை! அவர்களிலும் இருபது வயதிலேயே நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈறு இறங்கியிருந்தது. ஐம்பது வயதில் தொண்ணூறுக்கும் மேல். ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தில்தான், அதாவது பிரஷ் அழுத்தித் தேய்க்கிற பக்கத்தில்தான் இறங்கியிருந்தது.

ஆகவே ஈறு இறங்குவதற்குக் குறைந்தது இரண்டு வழிகள் உண்டு என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். துலக்காமையினால் அழுக்கும் காரையும் படிந்து, ஈறு நோயுற்று, எலும்பு கரைந்து இறங்குவது ஒன்று. முரட்டுத்தனமாகத் துலக்கித் தேய்த்து இறக்கிக்கொள்வது மற்றொன்று. பிறவியிலேயே ஈறு மெல்லியதாயிருப்பதும், பல் வரிசையைவிட்டு வெளியே தள்ளியிருப்பதும் இவைகளுக்குத் துணைசெய்கின்றன.

அதே ஆய்விலிருந்து 1986-இல் வெளிவந்த இன்னொரு கணக்கும் உண்டு. யாதொரு பராமரிப்பும் இல்லாத அந்தத் தொழிலாளர்களில், நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் வேகமாகப் பரவிற்று. எண்பத்தொரு பேருக்கு மிதமாகப் பரவிற்று. பதினொரு பேருக்கோ ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. "என் தாத்தா செங்கல் பொடியினால்தான் துலக்கினார், எண்பது வயதுவரை கரும்பு கடித்தார்" என்று நாம் சொல்லுகிற தாத்தா அந்தப் பதினொரு பேரில் ஒருவராயிருந்திருக்கலாம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்பதற்கு என்ன நிச்சயம்?

நம்முடைய வீடுகளில் நடப்பது

லோஹேகாவ் 2017-இல் புனே மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பின்பும், விடியற்காலையில் தண்ணீர் டேங்கருக்குக் காத்திருக்கிற பழக்கம் பல வீடுகளில் போகவில்லை. அந்த அவசரத்தில் அரை நிமிஷம் அழுத்தித் தேய்த்துக் கொப்பளித்துவிட்டுப் போகிறோம். ஊரிலிருந்து கொண்டுவந்த கரியும் உப்பும் சாம்பலும் சில வீடுகளில் இன்னும் உண்டு. அவைகளைவிட மோசமானது இங்கே கற்றுக்கொள்வது. புகையிலையைத் தவாவில் கருக வறுத்துப் பொடித்து "மிஸ்ரி" என்று பல்லில் தேய்க்கிற வழக்கம் மகாராஷ்டிரத்துப் பெண்களிடத்தில் நெடுங்காலமாய் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்கள் அன்பாய்க் கொடுக்கிறார்கள். பல்வலி குறைகிறதுபோலத் தோன்றுகிறது. சில வாரங்களில் அது இல்லாமல் காலை விடிவதில்லை. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இலேயே தடைசெய்தது. வீட்டில் வறுக்கிறதை யார் தடைசெய்வது? 2016-17-ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் கணக்கின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். அதை வைக்கிற இடத்திலேயே ஈறு இறங்குகிறது; வாய்ப்புற்றுநோயும் அங்கேதான் தொடங்குகிறது. நம் சபைகளிலும் இது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வெட்கத்தினால் மறைக்கிறவர்களைக் கடிந்துகொள்ளாமல், விட்டுவிடுவதற்கு உதவிசெய்யுங்கள்.

அண்ணத்துச் சதையிலிருந்து ஊசித்துளைவரை

இப்பொழுது சிகிச்சைக்கு வருவோம். வேரை மூடுவதற்கு மேலண்ணத்திலிருந்து ஒரு துண்டு சதையை எடுத்து ஈறில் வைத்துத் தைக்கிற முறை 1960-களில் பரவிற்று. 1985-இல் லாங்கர் தம்பதியர், அண்ணத்தின் மேல்தோலை விட்டுவிட்டு அதற்கு அடியிலுள்ள இணைப்புச் சதையை மாத்திரம் எடுத்துவைக்கிற முறையை வெளியிட்டார்கள். இன்றைக்கும் மற்ற முறைகளை மருத்துவர்கள் இதனோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள். அதின் குறை என்னவென்றால், வாயில் காயம் இரண்டு இடத்தில் உண்டாகும். அண்ணத்துக் காயம் சில நாட்கள் சாப்பிட முடியாதபடி வேதனை கொடுக்கும்.

ஆகவே கீறலைக் குறைக்க வழி தேடினார்கள். ஈறை வெட்டித் திறக்காமல், அதின் ஓரத்தின் வழியாகவே உள்ளே சுரங்கம்போலப் பிரித்து ஒட்டுச்சதையை நுழைக்கிற முறை 1994-இல் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பேராசிரியர் ஹோமாயூன் ஜாதே 2011-இல் வெளியிட்ட "விஸ்டா" என்னும் முறையில், உதட்டுக்கு உட்புறத்தில் ஒரு சிறிய கீறல் மாத்திரம் போட்டு, அதின் வழியாகப் பல பற்களின் ஈறையும் தளர்த்தி நகர்த்துகிறார்கள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜான் சாவ் என்னும் பல் மருத்துவர் 2012-இல் வெளியிட்டதே நம் சகோதரிக்குச் சொல்லப்பட்ட ஊசித்துளை முறை. மரத்துப்போக ஊசி போட்டபின், ஈறுக்கு அப்பால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள துளை இடுகிறார்கள். வளைந்த கருவிகளை அதின் வழியாக நுழைத்து, ஈறை எலும்பிலிருந்து தளர்த்தி, வேரின்மேல் இழுத்துவிடுகிறார்கள். அது திரும்பிப்போகாதபடி கொலாஜன் என்னும் புரதத்தினாலான மெல்லிய பட்டைகளை உள்ளே திணிக்கிறார்கள். அண்ணத்தில் காயம் இல்லை. வீக்கமும் வலியும் குறைவு. ஒரே அமர்வில் பல பற்களுக்குச் செய்யலாம். இவைகள் மெய்யான நன்மைகளே. நம் நாட்டு மருத்துவர்களில் பலர், நோயாளியின் சொந்த இரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதில் திரளுகிற சவ்வைப் பட்டைக்குப் பதிலாக வைக்கிறதும் உண்டு.

எத்தனை வருஷம் நிற்கும்?

சகோதரி கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். பொறுமையாய்க் கவனியுங்கள்.

சாவ் வெளியிட்ட கணக்கில் 43 நோயாளிகளும், ஈறு இறங்கிய 121 இடங்களும் இருந்தன. சராசரியாக 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வெளிப்பட்டிருந்த வேரில் 88.4 சதவீதம் மூடப்பட்டிருந்தது. வேர் முழுவதும் மூடப்பட்ட இடங்கள் 69.4 சதவீதம். பல்லிடை எலும்பு கெடாதிருந்த இடங்களை மாத்திரம் எடுத்துக்கொண்டால், முழுவதும் மூடப்பட்டவை 81.2 சதவீதம். நல்ல பலன்தான். ஆனால் இரண்டு காரியங்களை மறக்கக்கூடாது. முறையைக் கண்டுபிடித்தவரே சிகிச்சையும் செய்து கணக்கும் எடுத்திருக்கிறார். பதினெட்டு மாதம் என்பது ஒன்றரை வருஷம். அதைப் பத்து வருஷக் கணக்காக யாரும் உங்களிடத்தில் விற்கக்கூடாது.

நீண்டகாலத்துக்குப் பின் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்லுகின்றன? இத்தாலியைச் சேர்ந்த பினி பிராட்டோவும் அவருடைய குழுவினரும் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே நோயாளியின் வாயில் ஒரு பக்கத்தில் ஈறை மாத்திரம் நகர்த்தினார்கள். மறுபக்கத்தில் நகர்த்திய ஈறுக்கு அடியில் அண்ணத்துச் சதையையும் வைத்தார்கள். ஆறு மாதத்தில் இரண்டு பக்கங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்தோ, சதை வைத்த பக்கம் மேலானதாயிருந்தது. நோயாளிகள் சிலரே என்றாலும், ஒரே வாயில் ஒப்பிட்டதினால் இது கவனிக்கத்தக்கது.

2019-இல் வெளியான மற்றொரு ஆய்வு பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. தானமாகப் பெற்றுப் பக்குவப்படுத்தப்பட்ட தோற்சவ்வை உள்ளே வைத்து, சிலருக்கு ஈறைத் திறந்தும், சிலருக்குச் சுரங்க முறையிலும் செய்திருந்தார்கள். ஆறாம் மாதத்தில் கண்ட பலன் பன்னிரண்டாம் ஆண்டில் வெகுவாய்க் குறைந்திருந்தது. திறந்து செய்தவர்களுக்கும் சுரங்க முறையில் செய்தவர்களுக்கும் இதில் வித்தியாசம் இல்லை! அப்படியானால் யாருக்கு நிலைத்தது? சிகிச்சைக்குப்பின் ஆறாம் மாதத்தில் எவர்களுடைய ஈறு 1.2 மில்லிமீட்டராவது தடிப்பாகவும், அதின் உறுதியான பகுதி 2 மில்லிமீட்டராவது அகலமாகவும் இருந்ததோ, அவர்களுக்கே நிலைத்தது.

வாசகர்களே, இதின் பொருளைக் கவனித்தீர்களா? துளை சிறியதா, கீறல் பெரியதா என்பது முதல் வாரத்தின் வலியைத் தீர்மானிக்கிறது. பத்தாம் வருஷத்தைத் தீர்மானிப்பது ஈறின் தடிப்பும், அதின்பின் நீங்கள் துலக்குகிற விதமுமே. மெல்லிய ஈறை அப்படியே இழுத்து மூடினால் விரைவில் அழகாகத் தோன்றும். நாளடைவில் பழைய இடத்துக்குத் திரும்பக்கூடும். தடித்த ஈறு உள்ளவருக்குக் குறைந்த கீறலோடு செய்யும் முறை நன்றாய்ப் பொருந்தலாம். மெல்லிய ஈறு உள்ளவருக்கு, வலி சற்று அதிகமானாலும் அண்ணத்துச் சதையே நல்ல முதலீடாக இருக்கலாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டால்?

"அப்படியானால் எதுவும் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொல்லவேண்டாம். சிகிச்சை செய்யாமல் விடப்பட்ட இடங்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. வாயைச் சுத்தமாய் வைத்திருந்தவர்களிடத்திலும், ஏறக்குறைய 78 சதவீத இடங்களில் ஈறு மேலும் இறங்கியிருந்தது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு ஆய்வில், 18 முதல் 35 ஆண்டுகளுக்கு முன் அண்ணத்துச் சதை வைத்து ஈறைத் தடிப்பாக்கிய பக்கத்தையும், ஒன்றும் செய்யாத மறுபக்கத்தையும் ஒப்பிட்டார்கள். சிகிச்சை பெற்ற இடங்களில் பெரும்பாலானவற்றில் நிலைமை முன்னேறியிருந்தது. விட்டுவிட்ட இடங்களில் கிட்டத்தட்டப் பாதியில் மோசமாகியிருந்தது. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை மெதுவாய் ஏறுவதினால் நமக்குத் தெரிவதில்லை.

பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள்

எந்த மருத்துவரிடத்தில் சென்றாலும், மரியாதையோடும் தைரியத்தோடும் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. என் ஈறு எதனால் இறங்கிற்று? நோயினாலா, முரட்டுத் துலக்குதலினாலா, பல் வரிசையினாலா? காரணம் தீராமல் மூடினால், அதே காரணம் மறுபடியும் இறக்கிவிடும்.

2. பற்களுக்கு நடுவேயுள்ள எலும்பு எப்படியிருக்கிறது? எக்ஸ்ரே எடுத்துக் காட்டும்படி கேளுங்கள். பல்லிடை எலும்பு கரைந்துபோயிருந்தால், எந்த முறையிலும் வேர் முழுவதையும் மூட முடிவது அரிது. முழுவதும் மூடும் என்று யாராவது வாக்களித்தால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள்.

3. என் ஈறு தடிப்பானதா, மெல்லியதா? எனக்கு ஊசித்துளை ஏற்றதா, ஒட்டுச்சதை ஏற்றதா?

4. உள்ளே எதை வைக்கப்போகிறீர்கள்? கொலாஜன் பட்டைகள் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுகிறவை. ஒவ்வாமையோ மனத்தடையோ உள்ளவர்கள் முன்பே சொல்லவேண்டும்.

5. எல்லாப் பற்களுக்கும் வேண்டுமா? கூச்சமில்லாமல், பல ஆண்டுகளாக நகராமல் நிற்கிற இடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதாதா?

6. நீங்கள் சிகிச்சை செய்தவர்களில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் பார்த்தவர்களுக்கு எப்படியிருக்கிறது?

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் புகைபிடிக்கிறவர்களுக்கும் பலன் குறையும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். செலவைக் கண்டு அஞ்சுகிறவர்கள் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்லலாம். புனேயில் கேம்ப் பகுதியிலுள்ள ரங்கூன்வாலா கல்லூரி, தனக்கவடியிலுள்ள பாரதி வித்யாபீட கல்லூரி, பிம்ப்ரியிலுள்ள டி. ஒய். பாட்டீல் கல்லூரி, ஊருக்குச் செல்லும்போது சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் ஈறு சிகிச்சைக்கென்று தனித் துறைகள் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியர்களின் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் எடுக்கும்; செலவு பொதுவாகக் குறையும்.

"காரை எடுத்தால் பல் ஆடும்" என்கிற பயத்தையும் விட்டுவிடுங்கள். நோயுற்ற ஈறு வீங்கியிருக்கும். காரையை எடுத்தபின் வீக்கம் வற்றும்போது, ஏற்கெனவே இறங்கியிருந்த அளவு கண்ணுக்குத் தெரிகிறது. ஆடுகிற பற்களைக் காரை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருந்தது. அது போனபின் ஆட்டம் தெரிகிறது. கேட்டைச் செய்தது சுத்தம் அல்ல. அதுவரை இருந்த அழுக்கே.

ஜெபித்துவிட்டுக் காத்திருந்தால் போதாதா என்று கேட்கிறவர்களும் நம்மிடையே உண்டு. பிரியமானவர்களே, நமக்குக் கொடுக்கப்பட்ட சரீரத்துக்கு நாம் உக்கிராணக்காரர். ஜெபத்தையும் பிரஷையும் எதிரெதிராக நிறுத்தாதிருங்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்கள்?

ஒரே நாளில் ஆறு பற்களுக்கும் பணம் கட்டவில்லை. முதலில் கல்லூரி மருத்துவமனை ஒன்றில் காரையை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஈறு இறங்கியதற்குக் காரணம் கடினமான பிரஷும், கரி கலந்த பற்பொடியும், தன் வாய் சுத்தமாயில்லையோ என்ற பயத்தினால் நாளுக்கு நான்கு முறை தேய்த்ததுமே என்று அங்கே கண்டுபிடித்துச் சொன்னார்கள். நல்ல மனதோடு செய்ததே கேட்டை விளைவித்திருந்தது! பிரஷை மாற்றி, முறையை மாற்றி, ஆறு மாதம் காத்திருந்தார்கள். வேருக்குமேல் பூசிய மருந்தினால் நான்கு பற்களில் கூச்சம் அடங்கிற்று. மற்ற இரண்டு பற்களுக்கு மாத்திரம், ஈறு மெல்லியதாயிருந்தபடியால், அண்ணத்துச் சதை வைத்துச் செய்தார்கள். பத்து நாள் கஞ்சியும் கூழும்தான் ஆகாரம். மகன் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்.

இது நடந்து நான்கு ஆண்டுகளாகிறது. இரண்டில் ஒரு பல்லின் வேர் முழுவதும் மூடியிருக்கிறது; மற்றதில் ஒரு கோடளவு தெரிகிறது. "அது தெரிந்தாலும் பரவாயில்லை, பாஸ்டர் ஐயா, அதற்குமேல் இறங்கவில்லை" என்று சொல்லுகிறார்கள். பாடல் வேளையில் சேலைத் தலைப்பு தோளிலேயே இருக்கிறது.

இன்றிரவே தொடங்குங்கள்

உங்கள் வீட்டுப் பிரஷ்களை எல்லாம் எடுத்துப் பாருங்கள். எவைகளின் நார்கள் இருபுறமும் விரிந்து நிற்கின்றனவோ, அவைகளின் சொந்தக்காரர் அழுத்தித் தேய்க்கிறவர் என்று அறிந்துகொள்ளுங்கள். மென்மையான நாருள்ள பிரஷை வாங்குங்கள். ஃபுளோரைடு உள்ள பற்பசையைச் சிறிதளவு எடுங்கள். பிரஷை முஷ்டியினால் பிடிக்காமல், பேனாவைப்போல விரல்களால் பிடியுங்கள். நார்களை ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் சாய்வாக வைத்து, சிறிய அசைவுகளினால் மெதுவாகத் துலக்குங்கள். காலையில் இரண்டு நிமிஷம், படுக்கைக்குப் போகுமுன் இரண்டு நிமிஷம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுங்கள். ஒரு சிறிய கண்ணாடியை எடுத்து, உதட்டைத் தூக்கி, வெளிச்சத்தில் உங்கள் ஈறைப் பாருங்கள். பிள்ளைகளின் ஈறையும் பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது பல் மருத்துவரிடம் காண்பியுங்கள்.

தேயிலைத் தோட்டத்திலிருந்த நம் மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் இருந்ததில்லை. அவர்களுடைய வாயைப் பார்த்து உலகத்து மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் இன்றைக்கு உங்கள் கையில் வந்திருக்கிறது. அதை வீணாக்காதிருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் சுகத்தோடு காத்துக்கொள்வாராக. அடுத்த மாதம் சந்திப்போம்.